வாசலைத் தாண்டாத செருப்பு

நான்கு வருடங்களுக்கு முன்னால், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாத முதல் வாரம். மேற்கு தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக். சனிக்கிழமை காலை. பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஐம்பது வயது டீச்சர் ஒருவரை நான் பொய் சொல்கிறவர் ஆக்கினேன். இதை எழுத உட்கார்ந்ததும் அதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நடுவில் எங்காவது வைத்தால் மழுப்பிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

என் பிழைப்பு செருப்பு. பம்மலில் ஒரு சின்னப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக மாடல் போடுகிறேன். வார் எங்கே வர வேண்டும், சோல் எவ்வளவு கனம், குதிகால் எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுப்பது என் வேலை. தைப்பதும் ஒட்டுவதும் மற்றவர்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட இலையைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து ஆளின் காலைப் பார்க்கிற புத்தி எனக்கு. "யாராவது பேசினா மூஞ்சியைப் பாருங்க" என்று என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டரம்மா சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்க்கிறவர். சர்க்கரை முற்றினால் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. தெரியாமலே நடந்து நடந்து புண் பெரிதாகி, விரலை எடுக்க வேண்டி வரும். அப்படிப்பட்டவர்களுக்காக மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு உண்டு. ஆனால் அதைப் பார்த்தாலே 'இது நோயாளிச் செருப்பு' என்று ஊருக்கே தெரியும். அதனால் டாக்டரம்மா எங்கள் முதலாளியைப் பார்த்து, பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும், பார்க்க லட்சணமாகவும் இருக்க வேண்டும், அப்படி ஒன்று செய்து கொடுங்கள் என்றார். வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு வருடத்தில் ஆறு மாடல் போட்டேன். பழுப்பு நிறத்தில் ஒன்று. வாரில் பூ வைத்து ஒன்று. பின்பக்கம் பட்டை போட்டு, கழன்று விழாமல் ஒன்று. ஒவ்வொன்றையும் நோயாளிகள் ஆசையாக வாங்கிப் போனார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப வருவார்கள். செருப்பு புதுசாக இருக்கும், காலில் புண் இருக்கும்.

எனக்கு மண்டை காய்ந்தது. கனமாக இருக்கிறதோ என்று சோலை மெலிதாக்கினேன். கடிக்கிறதோ என்று வாரைத் தளர்த்தினேன். போனில் வெளிநாட்டுச் செருப்புப் படங்களாகப் பார்த்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். வேலை ஓடாமல் மாட்டிக்கொண்டால் நான் நல்ல மனிதன் இல்லை. தையல்காரரிடம் ஊசி சரியில்லை என்று சண்டை பிடிப்பேன், டீக்கடையில் சர்க்கரை அதிகம் என்று சண்டை பிடிப்பேன். கடைசியில், குறை என் செருப்பில் இல்லை, இந்த ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்களே, அந்தக் கதை.

அந்த ஜூன் மாதச் சனிக்கிழமை நானும் கிளினிக்கில் இருந்தேன். டீச்சர் வந்தார். மாடம்பாக்கத்துக்காரர், ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறவர். இடது காலில் சுண்டுவிரல் ஏற்கெனவே போயிருந்தது. மார்ச் கடைசியில் என் ஆறாவது மாடலை வாங்கியிருந்தார். இப்போது பெருவிரலுக்கு அடியில் புதுப் புண்.

செருப்பு போடுகிறீர்களா என்று கேட்டேன். தினமும் போடுகிறேன் என்றார். நான் அவர் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பினேன். சோலைப் பார்த்து ஆளைச் சொல்வதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. எந்தப் பக்கம் சாய்ந்து நடப்பவர், பஸ்ஸில் போகிறவரா வண்டியில் போகிறவரா, எல்லாம் தேய்மானத்தில் இருக்கும். டீச்சரின் சோலில் நான் வெட்டிய கோடுகள் அப்படியே இருந்தன.

"இன்னாம்மா, ரெண்டு மாசமா தினமும் போட்ட செருப்பா இது? இந்த சோல் பொய் சொல்லாது. ரெண்டு மாசத்துல பத்து தடவைகூட இதை மாட்டல நீங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கையில் தூக்கிக் காட்டவும் செய்தேன். பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. "நான் பொய் சொல்லல சார். வெளிய போறப்ப எல்லாம் போட்டுகிட்டுதான் போறேன்" என்றார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிற குரல், அங்கே எழும்பவே இல்லை. செருப்பை என் கையிலிருந்து வாங்கி, கீழே போட்டு, மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

எல்லாரும் போனபிறகு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். அவர் கத்துகிறவர் இல்லை, அதனால்தான் இன்னும் உறைத்தது. "அவங்க என்கிட்ட ஆறு வருஷமா வர்றாங்க. ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. இன்னும் ஒரு புண்ணு ஆழமா வந்தா பாதி பாதத்தை எடுக்கணும். அப்புறம் அவங்க கிளாஸ்ல நின்னு பாடம் எடுக்க முடியாது. உங்களுக்குத் தெரியுமா அது?" என்றார். தெரியாது என்றேன். "போய் மன்னிப்புக் கேளுங்க" என்றார்.

போயிருக்க வேண்டும். மூன்று வாரம் இழுத்தடித்தேன். வேலை இருக்கிறது, மழை வருகிறது என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், தப்பு என்மேல் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. சோல் தேயாதது தேயாததுதானே என்றுதான் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாடம்பாக்கம் போனேன். கோவில் தாண்டி, இரண்டு தெரு உள்ளே, கேட்டுக்குப் பின்னால் இரண்டு படி ஏறினால் வீடு. டீச்சரின் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். கையில் தரை துடைக்கிற மாப். டீச்சருக்கு விரல் எடுத்ததிலிருந்து வீட்டைப் பெருக்கித் துடைப்பது அவர் பொறுப்பாம். தரை கண்ணாடி போல இருந்தது, பினாயில் வாசனை தூக்கியது. நான் செருப்பை வெளியே ஸ்டாண்டில் விட்டுவிட்டு உள்ளே போனேன். யோசித்துச் செய்யவில்லை. நம்மில் யார் அதை யோசித்துச் செய்கிறோம்?

ஹாலில் ஒரு பெஞ்சின்மேல் பரீட்சைப் பேப்பர் கட்டு. திருத்திக்கொண்டிருந்த டீச்சர் எழுந்து, உட்காருங்கள் என்றார். நான்கு அடி வைத்திருப்பேன், காலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. 'ஆ' என்று ஒற்றைக் காலில் நின்றேன். பார்த்தால் ஸ்டேப்ளர் பின்.

"அய்யோ, சாரி சார். பேப்பர்லருந்து உதிர்ந்திருக்கும். எவ்வளவு கூட்டினாலும் ஒண்ணு ரெண்டு கிடந்துடுது" என்று டீச்சர் சொல்லிவிட்டு, காபி கொண்டுவர உள்ளே போனார். நான் மன்னிப்பு வசனத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். காபியோடு திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் வந்த வீட்டுக்காரர் தரையைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"மறுபடியும் ரெட் பேனாவை மூடாம வெச்சிட்டியா? இப்பதானே தொடைச்சேன்."

சமையலறையிலிருந்து நாற்காலி வரைக்கும், அந்த வெள்ளைத் தரையில், ஓரடிக்கு ஒன்றாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். டீச்சர் கையைத் திருப்பிப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். பேனா பெஞ்சின்மேல் மூடியோடுதான் இருந்தது. நான்தான் காலைப் பார்க்கிற ஆள் ஆயிற்றே. "டீச்சர், உட்காருங்க, நடக்காதீங்க" என்றேன். இடது குதிகாலில் ஒரு ஸ்டேப்ளர் பின் முழுசாக இறங்கியிருந்தது. எனக்குக் குத்தியதற்கு நான் ஊரைக் கூட்டினேன். அவர் அதன்மேல் நின்று காபி கலந்து, சர்க்கரை போட்டு, ஆற்றி, எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

வீட்டுக்காரர் மாப்பை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்துக்கொண்டார். பின்னைப் பிடுங்கி, கழுவி, மருந்து வைத்துக் கட்டுகிற வரைக்கும் டீச்சர் "வலிக்கவே இல்லைங்க" என்று அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார். வலிக்காததுதான் வியாதி என்று அவருக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்க வந்தவன், அதைக் கேட்கிற யோக்கியதைகூட இல்லாமல் ஆறிப்போன காபியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மெல்ல விசாரித்தேன். ஏப்ரல் பாதியிலிருந்து லீவு. வெளியே போவது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும். அந்த சர்ச்சிலும் செருப்பை வெளியேதான் விடுவார்களாம். மற்ற நேரமெல்லாம் வீடு. காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் ஆரம்பித்தால், துணி துவைத்து, மாடிக்குக் காயப்போட ஏறி, இறங்கி, ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி நடக்கிறாரோ, அத்தனையும் வெறுங்காலில். அந்தப் பெருவிரல் புண்கூட, மே மாத வெயிலில் மொட்டைமாடித் தரை சுட்டது. என் செருப்பு அப்போதெல்லாம் வாசலில் பத்திரமாக, நிழலில் இருந்திருக்கிறது.

சோல் பொய் சொல்லவில்லை, டீச்சரும் பொய் சொல்லவில்லை. ஆறு மாடலையும் தெருவில் நடப்பவருக்காகப் போட்டவன் நான்தான். அந்த நோயாளிகளில் பாதிப் பேர் தெருவுக்கே வருவதில்லை. இது எனக்கு ஏன் ஒரு வருடமாகத் தெரியவில்லை என்றால், நானும் வாசலில் கழற்றிவிட்டுப் போகிறவன்தான். செருப்பு என்றாலே எனக்கும் வாசலோடு முடிந்துபோகிற சாமான்.

"வீட்டுக்குள்ளயும் செருப்பு போட்டுக்கிட்டு நடக்கலாமே டீச்சர்" என்றேன். கணவன் மனைவி இருவரும், அவர்கள் தட்டில் நான் எச்சில் கை வைத்தது போல என்னைப் பார்த்தார்கள். சுவரில் இருந்த வேத வசனக் காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஜெபம் பண்ற இடம்னு யோசிக்கிறீங்களா?" என்று இழுத்தேன்.

"சாமிக்காக இல்ல சார்" என்றார் வீட்டுக்காரர். "டாக்டரும் சொல்லிட்டாங்க, நாங்களும் ஒரு நாள் போட்டுப் பார்த்தோம். முடியல. நான் முழங்கால் போட்டுத் தொடைக்கிற தரை இது. தெருவுல எச்சியிலயும் சாணியிலயும் மிதிச்சதை எப்படி சார் அடுப்பாண்ட கொண்டுவர்றது?" என் வீட்டிலும் இதையேதான் சொல்வார்கள்.

பட்டறைக்குத் திரும்பி அட்டையை விரித்தேன். இப்போது கேள்வியாவது சரியாகத் தெரியும். வீட்டுக்குள் போட ஒரு செருப்பு வேண்டும். இரண்டு வாரத்தில் ஏழாவது மாடல் தயார். மேலே துணி, உள்ளே மெத்தை, சத்தம் வராத சோல், நல்ல அடர் பழுப்பு. எடுத்துக்கொண்டு மாடம்பாக்கம் ஓடினேன். டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். குதிகாலில் கட்டு இன்னும் இருந்தது. கொடுத்ததும் அங்கேயே மாட்டி, இரண்டு படி இறங்கி, கேட் வரைக்கும் நடந்து பார்த்தார். "பஞ்சு மாதிரி இருக்கு சார்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷமாகத் திரும்பிப் படியேறினார். வாசலில் நின்றார். காலை உதறி, இரண்டையும் கழற்றி, ஸ்டாண்டில் மற்ற செருப்புகளோடு அழகாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே போனபிறகுதான் அவருக்கே உறைத்தது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "கால் தானா கழட்டிடுச்சு சார்" என்று சொல்லி அவர் சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பரவால்ல, எடுத்து மாட்டிக்குங்க" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, "இல்ல சார். இது வெளிய போயிட்டு வந்துடுச்சே" என்றார். இரண்டு படிதான். கேட் வரைக்கும்தான். ஆனாலும் போனது போனதுதான்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பேஜாராகிவிட்டது. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன், குழம்பு ஊற்றியது தெரியாது. அந்தப் புள்ளிகள் கண்ணுக்குள்ளேயே நின்றன. ஸ்டேப்ளர் பின் குத்தியது ஆறுவதற்கு ஆறு வாரம் ஆகும், தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இது குதிகால் ஓரம் என்பதால் தப்பியது, அடுத்தது எங்கே குத்துமோ என்றார்.

வழி பிறந்தது என் வீட்டு வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல மழை. கேட்டில் மாட்டிய பையில் பால் பாக்கெட் நனைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் கால் வைக்கப்போனவனை என் மனைவி தடுத்தாள்.

"அங்கயே நில்லுங்க! கால்ல என்ன அது?"

குனிந்து பார்த்தேன். அவசரத்தில் பாத்ரூம் செருப்போடு போயிருக்கிறேன்.

"அதைப் போட்டுக்கினு தெருவுக்குப் போயிட்டீங்களா? போச்சு. இனிமே அது வெளியதான். உள்ள வரக்கூடாது."

"பாத்ரூம் செருப்புடி. அதைவிட அழுக்கு ஏது?"

"பாத்ரூம் நான் தேய்ச்சுக் கழுவினது. தெருவை யாரு கழுவினாங்க?"

கையில் இரண்டு பால் பாக்கெட்டோடு மழையில் நின்றேன். பாத்ரூமிலேயே கிடக்கிற செருப்பு தெருவுக்குப் போனதால் அழுக்காகிவிட்டது! அப்படியென்றால் நம் வீடுகளில் செருப்பு அழுக்கில்லை. அது எங்கே போய்விட்டு வந்தது என்பதுதான் கணக்கு. வாசலையே தாண்டாத செருப்பை, வீட்டுக்குள் நடக்கவிட்டால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. தாண்டாது என்று நம்பிக்கை வேண்டும், அவ்வளவுதான். நான் டீச்சருக்கு அதை வாசலில் வைத்துக் கொடுத்தேன். புத்திசாலி!

"உள்ள வாங்க, என்ன பேய் அடிச்ச மாதிரி நிக்கிறீங்க" என்றாள். "செருப்பை அங்கயே விட்டுட்டு வாங்க."

அன்றைக்கே அட்டையை எடுத்துவிட்டேன். அதுவரை பதினெட்டு வருடமாக நான் கற்றதெல்லாம் அழுக்கை மறைக்கிற வித்தை. கறுப்பு சோல், பழுப்பு வார், மண் தெரியாத நிறம். இதற்கு நேர் எதிராகப் போனால் என்ன என்று தோன்றியது. சோல் இட்லி போல வெள்ளையாக இருக்கட்டும். தெருவில் ஒரே ஒரு அடி வைத்தாலும் காட்டிக்கொடுக்கட்டும். போடுகிறவருக்கே அதை வெளியே எடுத்துப்போக மனசு வரக்கூடாது.

மேலே என்ன துணி என்று மனைவியிடம் கேட்டேன். பார்த்ததும் இது வீட்டுச் சாமான் என்று தெரிய வேண்டும் என்றேன். "நைட்டித் துணியை விட வீட்டுத் துணி எது?" என்றாள். "ஆனா நீங்கெல்லாம் நைட்டியோட தெருவுக்கு வர்றீங்களே" என்றதற்கு, "மேல துண்டைப் போட்டுக்கிட்டு தெருமுனைக் கடை வரைக்கும் போவோம். அதுக்கு மேல போவோமா?" என்று மடக்கினாள். தாம்பரம் மார்க்கெட்டில் அவளே பூப்போட்ட பருத்தித் துண்டுகளாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள்.

பட்டறையில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. "இன்னா மச்சான், மேஜை மேல நைட்டி துணி கீது? செருப்புக்கு நைட்டி மாட்டப் போறியா?" என்று தையல்காரர் ஆரம்பித்தார், ஒரு வாரம் விடவில்லை. முதலாளி வெள்ளை சோலைப் பார்த்து முகம் சுளித்தார். ஒரே நாளில் கறுத்துவிடும் என்றார். "வெளிய போனா கறுக்கணும் முதலாளி, அதுக்குத்தான்" என்றேன். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. தைத்து முடித்த ஜோடியை நான் தரையில் வைக்கவே இல்லை. கல்யாணத்தில் கொடுத்த புது தாம்பூலப் பை ஒன்று வீட்டில் இருந்தது. அதில் போட்டு எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

கேட்டில் டீச்சர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. வெளிக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், பையை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். தரை அவருடையது, தீர்ப்பும் அவருடையதாக இருக்கட்டும். அவர் செருப்பை எடுத்து, திருப்பி, வெள்ளை சோலில் விரலைத் தேய்த்து, விரலைப் பார்த்தார். "இது தெருவைப் பார்த்ததே இல்லையே?" என்றார். "பட்டறைத் தரையைக்கூடப் பார்க்கல சார்" என்றேன். பிறகு அவரே அதைக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

டீச்சர் மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். "சார், இது நைட்டித் துணிதானே?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சமையலறைக்குப் போனார். ஒரு தயக்கம், நிலையருகே நின்று வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்ட, உள்ளே போய்க் காபி போட்டார். நான் கிளம்பியபோது வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்தார். வலது காலைத் தூக்கியவர், அப்படியே நின்று, காலைத் திருப்பி அந்த வெள்ளை சோலைப் பார்த்தார். காலை மறுபடி உள்ளேயே வைத்துவிட்டு, "இங்கருந்தே சொல்லிடறேன் சார், போயிட்டு வாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அக்டோபர் மாதம், அதே கிளினிக், அதே மாதிரி ஒரு சனிக்கிழமை. பெஞ்சு நிறைய ஆட்கள். டீச்சர் வந்தார், காலில் என் ஆறாவது மாடல், கையில் தாம்பூலப் பை. பையிலிருந்து வீட்டுச் செருப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அன்னிக்கு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாப் படிச்சீங்களே சார். இன்னிக்கும் சத்தமாவே படிங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் விடுகிற உத்தேசமும் இல்லை.

செருப்பைத் திருப்பினேன். நான் வெட்டிய கோடுகள் பாதிக்கு மேல் அழிந்திருந்தன. "வலது குதிகால் வெளிப்பக்கம் அதிகமா தேய்ஞ்சிருக்கு. இடது காலை ஊன்றத் தயங்குறவங்க. ஆனா நல்லா நடந்திருக்காங்க" என்றேன். வாரில் ஒரு மஞ்சள் கறை. "இது மஞ்சத்தூள். அடுப்பாண்டையும் போட்டிருக்காங்க." பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முன்பக்கம் துணியில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. டீச்சரைப் பார்த்தேன்.

"அது பேனாதான் சார்" என்றார்.

டீச்சர் உள்ளே போய் வந்தபிறகு டாக்டரம்மாவே வெளியே வந்து சொன்னார், மூன்று மாதமாகப் புதுப் புண் ஒன்றும் இல்லை, பழையதெல்லாம் மூடிவிட்டது என்று. நான் எழுந்து நின்றேன். நான்கு மாதத்துக்கு முன் இதே இடத்தில் இந்த டீச்சரைப் பொய் சொல்கிறவர் என்று சொன்னேன், தப்பு என்மேல், என்னை மன்னிக்க வேண்டும் என்று, அன்று எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ அதே சத்தத்தில் சொன்னேன். அன்று சிரித்தவர்கள் யாரும் அங்கே இல்லைதான். வகுப்பில் சரியாகப் பதில் சொன்ன பிள்ளையை உட்காரச் சொல்வது போல டீச்சர் கையை அமர்த்திக் காட்டினார்.

அவர் இன்றும் நின்றுகொண்டுதான் பாடம் எடுக்கிறார், மீதி விரல்கள் ஒன்பதும் அப்படியே இருக்கின்றன. இப்போதும் ஒரு மாடல் வராமல் நான் மாட்டிக்கொள்வதுண்டு. அப்போது யாரோடும் சண்டைக்குப் போகாமல் அட்டையை மூடிவைத்துவிட்டு, அந்தச் செருப்பைப் போடப்போகிறவரின் வீட்டு வாசலில் என்னுடையதைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்காருகிறேன். அந்த மழைநாள் காலையைத் தவிர, எனக்கு வேண்டிய பதில் இதுவரை வாசலுக்கு வெளியே கிடைத்ததே இல்லை.